வாய்க்கால் கரை மஞ்சள் பூ: எது மஞ்சள் கரிசலாங்கண்ணி?

ஒரு வாசகர் கேட்டது, 9 ஜூன் 2025

எங்கள் ஊர்ப் பாசன வாய்க்காலின் இரு கரையிலும் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு செடி பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் ஒரு கொத்தைக் காட்டியபோது, யோசிக்காமல் "மஞ்சள் கரிசலாங்கண்ணி" என்றார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியோ, வெள்ளைப் பூப் பூப்பதுதான் கரிசலாங்கண்ணி, மற்றதெல்லாம் புல் என்கிறார். வெள்ளைப் பூவிலும் இங்கே இரண்டு வகை இருக்கின்றன. எதைப் பறித்து எண்ணெய் காய்ச்சுவது? எல்லாம் ஒரே குடும்பம்தானே, எதைப் போட்டால் என்ன?

10 ஜூன் 2025

ஒரே குடும்பம் என்பது உண்மைதான். சூரியகாந்தியும் சாமந்தியும்கூட அதே குடும்பம். அதற்காகச் சூரியகாந்தி இலையை யாரும் எண்ணெயில் போடுவதில்லை.

நீங்கள் சொல்லும் செடியைப் பார்க்காமலே ஓரளவு ஊகிக்க முடிகிறது. வாய்க்காலின் இரு கரையையும் பாய் போல மூடுகிற மஞ்சள் பூச்செடி பெரும்பாலும் சிங்கப்பூர் டெய்சி என்று நர்சரிக்காரர்கள் விற்கும் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டாவாக இருக்கும். பெயரில் சிங்கப்பூர் இருந்தாலும் அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. சாலை நடுத்திட்டுகளிலும் கல்லூரி வளாகங்களிலும் தரையை மூடுவதற்காக நட்டது, பிறகு ஈரம் கண்ட இடமெல்லாம் இறங்கிவிட்டது. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா, ஆசியச் செடி, இத்தனை ஆர்ப்பாட்டமாகப் படராது.

பிரித்தறிய இரண்டு அடையாளங்கள் சொல்கிறேன். முதலாவது இலை: சிங்கப்பூர்க்காரிக்கு இலையின் இரு பக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி, மொத்தத்தில் மூன்று மடலாகத் தெரியும், நம்முடையதற்கு இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், மடல் இராது. இரண்டாவது பூ: ஓர இதழின் நுனியில் பல் போன்ற வெட்டுகள் இருந்தால் சிங்கப்பூர்.

11 ஜூன் 2025

நேற்று எழுதிய இரண்டாவது அடையாளத்தை அடித்துவிடுங்கள். காலையில் இரண்டு பூவையும் கைலென்ஸில் வைத்துப் பார்த்தேன். இதழ் நுனி வெட்டு இரண்டிலும் இருக்கிறது. பூவை வைத்து இவ்விரண்டையும் பிரிப்பது எனக்கு இன்றுவரை கைவரவில்லை. சிங்கப்பூரின் பூ சற்றே பெரிது, நிறத்தில் ஆரஞ்சு லேசாகக் கலந்திருக்கும். ஆனால் "சற்றே", "லேசாக" என்பவையெல்லாம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பயன்படும்.

முதல் அடையாளம் நிற்கிறது. இன்றைக்கு நிற்கிறது.

15 ஜூன் 2025

மேட்டூரில் 12-ஆம் தேதி திறந்த தண்ணீர் எங்கள் கிளை வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அரசலாற்றிலிருந்து பிரிகிற இந்த வாய்க்காலில் இப்போது அங்கங்கே குட்டை மட்டும்தான். இறங்கி நடந்து பார்க்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது என்பதால் வெள்ளைப் பூக் கேள்விக்காக இன்று ஒரு மணி நேரம் நடந்தேன்.

உங்கள் ஊரில் இரண்டு வகை வெள்ளைப் பூ இருப்பதாகச் சொன்னீர்கள். ஒன்று கரிசலாங்கண்ணி, அதாவது கையாந்தகரை. மற்றது, எழுதாமலே தெரிகிறது, மூக்குத்திப் பூ. வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு, தாத்தாப் பூ என்று ஊருக்கொரு பெயர் அதற்கு. நீண்ட காம்பை மடக்கிச் சுண்டி, "தாத்தா தாத்தா தலை கொடு" என்று பூத்தலையைப் பறக்கவிட்ட எவருக்கும் அந்தக் காம்பின் நீளம் மறந்திருக்காது. அதுவே பெரிய அடையாளம். ஒரு சாண் நீளக் காம்பு, இலை எதுவும் இல்லாமல், நுனியில் ஒற்றைப் பூ. கரிசலாங்கண்ணியின் காம்பைச் சுண்டி விளையாட முடியாது. இலைக் கக்கத்திலிருந்து ஒன்றிரண்டாகக் கிளம்புகிற குட்டைக் காம்புகள்தான் அதற்கு.

பூவை அருகில் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். மூக்குத்திப் பூவுக்கு நடுவில் முட்டையின் மஞ்சள் கரு. சுற்றி நாலைந்து அகன்ற வெளிர் இதழ்கள், எண்ணிவிடலாம். கரிசலாங்கண்ணிக்கு நடுவும் வெள்ளை, ஓரமும் வெள்ளை. ஓர இதழ்கள் நூலிழை போல மெலிந்து, குட்டையாக, நெருக்கமாக இருக்கும். எண்ண ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். முழுப் பூவும் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான்.

இவை எதுவும் வேண்டாம், உறுதியான ஒரு சோதனை வேண்டும் என்றால் தண்டைக் கிள்ளுங்கள். இன்று மதகுக்குக் கீழே, சேறு காய்ந்து ஓடு பிரிந்த இடத்தில் ஒரு செடி. தண்டு செம்மை படர்ந்து, சொரசொரப்பான மயிரோடு. ஒரு கணுவைக் கிள்ளிக் கட்டைவிரலில் வைத்து நசுக்கினேன். முதலில் வெறும் பச்சை ஈரம், புல்லை நசுக்கினால் வருவது போலத்தான். குட்டையில் நின்ற கொக்கை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியபோது ஈரத்தின் ஓரத்தில் கருநீலம் ஊறியிருந்தது. கரையேறி வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ரேகைப் பள்ளங்களிலெல்லாம் கறுப்பு. மூக்குத்திப் பூத் தண்டை இதேபோல் நசுக்கிப் பாருங்கள், பச்சை பச்சையாகவே காயும்.

16 ஜூன் 2025

அந்தக் கறுப்பு சோப்புக்குப் போகவில்லை. இன்று கைரேகை வைக்கப் போன ஓர் அலுவலகத்தில் எந்திரம் மூன்று முறை என் விரலை மறுத்தது. அங்கிருந்த பெண், "தேர்தல் எப்போது சார் நடந்தது?" என்று கேட்டார். சோதனையை இடக்கையில் செய்யுங்கள்.

29 ஜூன் 2025

தண்ணீர் வந்துவிட்டது, கரையோரச் செடிகள் பாதி முங்கியும் முங்காமலும் நிற்கின்றன.

மூன்று மடல் விதி பற்றி. ஒரு வாசகர், தம் வீட்டுச் செடியில் மடல் இல்லாத இலைகளே அதிகம், ஆகவே அது அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று முடிவுகட்டிப் படமும் அனுப்பியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: கொடியின் நுனியிலும் நிழல்பட்ட பக்கத்திலும் இலைகள் மடலில்லாமல், வெறும் பற்களோடு இருக்கின்றன, அதே கொடியில் நான்கு கணு தள்ளி மடலோடு இருக்கின்றன. நான் ஒற்றை இலையைப் பார்க்கச் சொன்னதுதான் தவறு. ஒரு கொடியை முழம் நீளத்துக்கு இழுத்து, பத்து இலையாவது பார்க்க வேண்டும். பத்தில் இரண்டுக்கு மடல் இருந்தாலும் சிங்கப்பூர்தான்.

மடலே கண்ணில் படாவிட்டால் இலையின் உடம்பைப் பாருங்கள். சிங்கப்பூர் இலை தடித்து, எண்ணெய் தடவியது போல் மினுக்கும், அகலம் அதிகம், ஓரத்துப் பற்கள் பெரிது. மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை மினுக்காது, விரலுக்குச் சொரசொரக்கும், ஓரம் ஏறக்குறைய நேராக ஓடும், எங்கோ ஒன்றிரண்டு சிறு பற்கள். வெள்ளைக் கரிசலாங்கண்ணி இலையைத் தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு மஞ்சளின் இலையைத் தடவினால் அக்காள் தங்கை என்று சொல்லிவிடுவார். சிங்கப்பூரைத் தடவினால் சொல்லமாட்டார். பத்தாம் தேதியே இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

20 ஜூலை 2025

இத்தனை உறுதியாகப் பேசுகிறவர் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருவர் சற்றுக் காரமாகக் கேட்டிருக்கிறார். ஏமாந்துதான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நர்சரியில் "மஞ்சள் கரிசலாங்கண்ணி" என்று எழுதிச் செருகிய சீட்டோடு ஒரு தொட்டிச் செடி வாங்கி வந்தேன். கொல்லைக் கிணற்றடியில் நட்டேன். மூன்று ஆண்டுகள் அதன் இலையை அரைத்துச் சாறெடுத்து, தேங்காய் எண்ணெயில் கலந்து, சாறு சுண்டித் தைலப் பதம் வரும்வரை காய்ச்சி, தலையில் தேய்த்துக்கொண்டேன். நரை நரையாகவே இருந்தது. அதற்குச் செடியைக் குறை சொல்ல முடியாது, அசலைத் தேய்த்திருந்தாலும் இந்தத் தலையில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவின் அத்தை ஒருவர் வீட்டுக்கு வந்தவர், கிணற்றடியில் நின்று, "இது என்னடா, தோட்டக்காரன் பூவை இப்படி வளர விட்டிருக்கே?" என்றார். நான் சீட்டைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. இலையைக் கிள்ளி விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கையான் இல்லே" என்று போட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் பத்து இலை எண்ணக் கற்றேன். கதையில் இதைவிட மோசமான பகுதி ஒன்று இருக்கிறது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

3 ஆகஸ்ட் 2025

இன்று ஆடிப்பெருக்கு. படித்துறையில் பெண்கள் மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியுமாக நிற்க, நான் மட்டும் கரையில் குந்தி இலை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு சிறுவன் என்ன தேடுகிறேன் என்று கேட்டான். சாவி என்று சொல்லிவைத்தேன்.

ஒருவர், "ஆளுயர மஞ்சள் கரிசலாங்கண்ணி" என்று படம் அனுப்பியிருக்கிறார். ஐயா, அது நீர்க்கிராம்பு. தண்ணீரில் கால் வைத்தபடி நெட்டுக்குத்தாக நிற்கும். நான்கே இதழ், ஒவ்வொன்றும் தனி இதழ், தொட்டால் உதிரும். பூவுக்குக் கீழே காம்பு என்று நீங்கள் நினைத்த நீண்ட பகுதிதான் காயாகப்போவது; இதழ் உதிர்ந்ததும் தலையில் நான்கு பச்சைக் காதுகளோடு கிராம்பு போலவே இருக்கும், பெயர் அதனால் வந்தது. இலை மாறி மாறி ஒன்றொன்றாக இருப்பதையும் பாருங்கள். கரிசலாங்கண்ணி இரண்டுக்கும், சிங்கப்பூருக்கும், மூக்குத்திப் பூவுக்கும் இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாகத்தான் வரும். சோடி இல்லையென்றால் இந்தப் பேச்சே வேண்டாம், செடியை விட்டுவிட்டு நடங்கள்.

4 ஆகஸ்ட் 2025

சோடியிலை, மஞ்சள் தலை, ஈரக்கரை, ஆனால் ஓர இதழ் இல்லாமலோ மிகச் சிறிதாகவோ, தலை கூம்பு போல் உயர்ந்திருந்தால் அது பல்வலிப் பூண்டு. பூவை மென்றால் நாக்கு விறுவிறுத்து மரத்துப்போகும். அப்படி மென்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பேர் தெரியாத செடியை வாயில் வைப்பது அடையாளம் காணும் முறைகளில் கடைசியானது, சிலருக்கு உண்மையிலேயே கடைசியாகிவிடும்.

14 செப்டம்பர் 2025

"மஞ்சள் கரிசலாங்கண்ணி என்பதே அண்மையில் வியாபாரிகள் கட்டிய பெயர், பழைய வழக்கில் இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர்க் குழப்பம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் தாய் என்பதில் அவரோடு உடன்படுகிறேன். ஆனால் செடி பழையது, பழம்பெயரும் இருக்கிறது: பொற்றலைக் கையாந்தகரை. பொன் தலையுடைய கையாந்தகரை. பூவைப் பார்த்தவர் வைத்த பெயர். வள்ளலார் தம் நித்திய கரும விதியில் கரிசலாங்கண்ணியையும் பொற்றலைக் கையாந்தகரையையும் தனித்தனியாகப் பெயர் சொல்கிறார். அவர் மறைந்தது 1874-இல். ஆக, இரண்டும் வேறு என்பதும், ஒன்றின் இடத்தில் மற்றதைக் கொள்ளலாம் என்பதும் அன்றைக்கே தெரிந்த செய்தி.

ஏன் கொள்ளலாம் என்பதற்கு வேதியியலில் ஒரு விடை கிடைத்தது, அதுவும் சென்னையில். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடன் பணியாற்றியவர்களும் 1956-இல் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து பிரித்த ஒரு பொருளின் அமைப்பை வெளியிட்டார்கள். அச்செடியை அப்போது வெடெலியா என்று அழைத்ததால் பொருளுக்கு வெடெலோலாக்டோன் என்று பெயர். அதே பொருள் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் இருந்தது. தாவரவியல் கணக்கில் வெவ்வேறு பேரினமான இரண்டும் மருந்துப் பெட்டியில் ஏன் ஒரே அறையில் கிடந்தன என்பது அப்போது விளங்கியது.

நம்மை வம்பில் மாட்டியதும் அந்தப் பழைய பேரினப் பெயர்தான். சிங்கப்பூர் டெய்சியும் நெடுநாள் வெடெலியாவாகவே இருந்தது. 1996-இல் இரண்டையும் சேர்த்தே ஸ்பாக்னெட்டிகோலாவுக்கு மாற்றினார்கள். பெயரளவில் மஞ்சளுக்கு நெருங்கிய உறவு வெள்ளை அன்று, சிங்கப்பூர்தான். நர்சரிச் சீட்டு எழுதியவர் எங்கேயோ "வெடெலியா" என்ற ஒரு சொல்லைப் பார்த்து மீதியைத் தாமே நிரப்பிக்கொண்டார் என்பது என் ஊகம். உறவு என்பதற்காக மருந்துக்கு ஒன்றை மற்றதாகக் கொள்ள முடியாது. என் மூன்று ஆண்டு எண்ணெயைச் சான்றாக யாரும் காட்ட வேண்டாம்.

15 செப்டம்பர் 2025

மஞ்சளுக்கும் தண்டைக் கிள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு விடை: தண்டு கறுக்கும் சோதனையை நான் வெள்ளைக்கு மட்டும்தான் நம்புகிறேன். மஞ்சளுக்கு இலையைத் தடவுங்கள்.

9 நவம்பர் 2025

மழை விட்ட இடைவெளியில் கரையில் நடந்தபோது ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் செடி எப்படி இருக்கிறது என்றே பேசிக்கொண்டிருந்தோம். எப்படி அங்கே வந்தது என்று பார்த்தால் பாதி அடையாளம் கிடைத்துவிடுகிறது.

மூக்குத்திப் பூவின் ஒவ்வொரு விதைக்கும் இறகு மயிர்க் குடை உண்டு, காற்றில் வருகிறது. அதனால் அது வரப்பின் முதுகிலும் சாலையோரத்திலும் சுவர் வெடிப்பிலும் இருக்கும், நீருக்கு மேலே, காய்ந்த பக்கமாக. வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் விதைக்குக் குடை இல்லை. எக்லிப்டா என்ற அதன் கிரேக்கத் தாவரவியல் பெயரே குறையுடையது என்ற பொருளில், அந்தக் குடை இல்லாததைக் குறித்து வைத்தது. இதழ் கொட்டிய பின் அதன் தலையைப் பாருங்கள்: பச்சையாக, தட்டையாக, கறுத்த விதைகள் நெருக்கி அடுக்கிய ஒரு பொத்தான். அவை காலடியிலேயே விழுந்து, நீரோடும் சேற்றோடும் மாட்டுக் குளம்போடும் போகின்றன. மண்ணில் புதைந்தால் முளைக்காது, வெளிச்சம் வேண்டும். தண்ணீர் வடிந்த சேற்று விளிம்பு அதற்கு அப்படிப் பொருந்திவிடுகிறது. ஆகவே கரையில் மேலிருந்து கீழாகப் பார்த்தால் மேல்வரிசையில் மூக்குத்தி, நீர் விளிம்பில் கரிசலாங்கண்ணி என்று யாரோ நட்டுவைத்தது போல இருக்கிறது.

சிங்கப்பூர் டெய்சி பெரும்பாலும் விதையால் பரவுவதில்லை. கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு துண்டுத் தண்டு போதும். அதாவது அது மண்வெட்டியோடும் பொக்லைனோடும் வெட்டிக் கொட்டிய குப்பையோடும் பயணம் செய்கிறது. கோடையில் வாய்க்கால் தூர்வாரி, அள்ளிய சேற்றைக் கரையில் கொட்டிச் சமன் செய்கிறோமே, அந்த மேட்டின் நீளத்துக்கு நேர்கோட்டில் மஞ்சள் பூத்திருந்தால் அகராதி பார்க்க வேண்டியதில்லை. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் அயல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இந்தச் செடியும் இருக்கிறது.

ஜூலையில் சொல்லாமல் விட்ட பகுதி இதுதான். அத்தைப் பாட்டி சொல்லிவிட்டுப் போன மறுவாரம் கிணற்றடிச் செடியை முழுக்கப் பிடுங்கி, இரண்டு சாக்கு நிறைய, கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் கரையில் நானே கொண்டுபோய்க் கொட்டினேன். காய்ந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த கோடையில் தூர்வாரினார்கள். இன்று மதகு வரைக்கும், என் காலடிக்கு இருநூற்றுப் பத்து அடி, மஞ்சளாக இருக்கிறது.

10 நவம்பர் 2025

பலரும் அன்பாக ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். ஒருவர் மட்டும் "பூ அழகாகத்தானே இருக்கிறது" என்கிறார். இருக்கிறது. அந்த இருநூற்றுப் பத்து அடியில் பொடுதலையும் வல்லாரையும் முன்பு எங்கே எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும். இப்போது அந்தப் பாயைத் தூக்கிப் பார்த்தால் வெளுத்த தண்டுகளும் ஈர மண்ணும்தான்.

பிடுங்கத் தொடங்கியிருக்கிறேன். பிடுங்கியதைக் கரையில் போடாமல் சிமெண்டுத் தரையில் விரித்து, சருகாகி ஒடியும்வரை காயவைத்து எரிக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறேழு அடி முடிகிறது. விட்டுப்போன கணுக்கள் பின்னாலேயே துளிர்க்கின்றன.

28 டிசம்பர் 2025

ஜூனில் இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்த வாசகர், தம் வாய்க்கால் செடியின் ஒரு கொடியைச் செய்தித்தாளில் மடித்து அஞ்சலில் அனுப்பியிருந்தார். வந்து சேர்ந்தபோது நன்றாக உலர்ந்து, மினுமினுப்புப் போய், தடவினால் எல்லாமே சொரசொரப்பாக இருந்தது. ஜூன் 29-இல் நான் பெருமையாகச் சொன்ன தடவல் சோதனை உலர்ந்த இலையிடம் பலிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மடல் காய்ந்தாலும் மடல்தான். மொத்தம் ஒன்பது இலை. தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணாடியில் ஒட்டி விரித்ததில் நான்கில் மூன்று மடல் தெளிவாக இருந்தது. சிங்கப்பூர் டெய்சி. நாட்டு மருந்துக் கடை சொன்னது தவறு. பாட்டி சொன்னது முக்கால் சரி.

வாசகர் எண்ணெய் ஏற்கெனவே காய்ச்சிவிட்டாராம், ஒரு லிட்டர்.

அசல் மஞ்சள் அத்தைப் பாட்டி வீட்டில், பாத்திரம் கழுவும் நீர் போகிற குழியோரத்தில், ஒரு முறம் அகலத்துக்கு இருக்கிறது; அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த அகலம்தானாம். பொங்கலுக்குப் போகும்போது இரண்டு கணு வாங்கி வந்து, ஒன்றை அந்த வாசகருக்கு அனுப்புகிறேன். ஈரத்துணியில் சுற்றி அனுப்புவேன். தொட்டியில் வைத்து, இலை சொரசொரக்கிறதா என்று அவரும் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள்ளட்டும்.